பத்துப் பட்டன் பெட்டியும் சனிக்கிழமை நடனமும்

பெட்டி

முதல் நாள் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கியபோது, யாரோ சின்னப் பிள்ளைக்கு வாங்கிய விளையாட்டுச் சாமானைக் கொடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் அதுவரை இருபத்தாறு வருடம் அக்கார்டியன் வாசித்திருந்தேன். அது பியானோ அக்கார்டியன். வலது கைக்கு ஆர்மோனியத்தில் இருப்பதுபோலக் கட்டைகள், இடது கைக்கு வரிசை வரிசையாகப் பட்டன்கள். தோளில் மாட்டினால் கைக்குழந்தையையும் அரிசிப் பையையும் சேர்த்துச் சுமப்பதுபோல இருக்கும். இந்த அக்கார்டியன் பெட்டியோ மடியில் வைத்தால் மடி நிறையவில்லை. வலது பக்கம் பத்துப் பட்டன், இடது பக்கம் இரண்டு, மேலே நான்கு குமிழ். அவ்வளவுதான்.

கொடுத்தவள் பெயர் டெனீஸ். அமெரிக்காவில் லூசியானா என்ற பக்கம், ஆறும் சதுப்பும் நிறைந்த ஊர் அவளுடையது. அங்கே பிரெஞ்சு பேசும் பழைய குடியானவர்களை கேஜன் என்பார்களாம். சனிக்கிழமை ஆனால் ஊர் ஊருக்கு ஒரு ஹாலில் கூடி, அக்கார்டியனும் வயலினும் வைத்து ஆடுவார்களாம். டெனீஸ் வயலின்காரி. கொடைக்கானலுக்கு இசை சொல்லிக்கொடுக்க வந்தவள், ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு நாற்பத்தேழு.

நாங்கள் கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறைக்காரர்கள். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். போர்டிங்கில் படிக்கும்போது ஒரு சிஸ்டர்தான் எனக்கு அக்கார்டியன் பழக்கினார். பூசை, கல்யாணம், கேரல் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு டெனீஸ் தேடி வந்தாள். பூண்டி போகும் பாதையில் ஒரு பழைய உருளைக்கிழங்குக் குடோனை வாடகைக்கு எடுத்துப் பலகைத் தரை போட்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு அங்கே நடனம் என்றாள்.

"ஃபிலோ அக்கா, உங்களுக்கு ரொம்ப ஈஸி. ஜஸ்ட் டென் பட்டன்."

வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் பட்டனை அமுக்கித் துருத்தியைத் தள்ளினேன். ஒரு சுரம் வந்தது. அதே பட்டனில் விரலை வைத்துக்கொண்டு இழுத்தேன். வேறு சுரம் வந்தது. பெட்டி கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பட்டனிலும் அப்படியே. பத்திலும் அப்படியே.

மறுநாள் காலையில் வெள்ளனே போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "ரிப்பேர் பாரும்மா" என்றேன். டெனீஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அது அப்படித்தானாம். தள்ளினால் ஒன்று, இழுத்தால் ஒன்று. எந்தச் சுரம் வேண்டும் என்பதை விரல் பாதியும் கை பாதியும் முடிவு செய்ய வேண்டுமாம்.

இருபத்தாறு வருடமாக என் விரல் அறிந்த எதுவும் அங்கே உதவவில்லை. தள்ள வேண்டிய இடத்தில் இழுத்தேன். இழுக்க வேண்டிய இடத்தில் நின்று யோசித்தேன். ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் வெரசாகப் படித்திருப்பேன். என் வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று சொன்னார், "என்னடி இது, ஆட்டைக் கட்டிப்போட்ட மாதிரி கத்துது."

முதல் நடனம்

மூன்று வாரத்தில் ஆறு பாட்டு ஒருமாதிரி வந்தது. ஏழாவது வராமலே நடனம் தொடங்கும் முதல் சனிக்கிழமை வந்துவிட்டது.

டிரையாங்கிள் என்கிற முக்கோணக் கம்பியை அடிக்க ஆள் வேண்டும் என்று டெனீஸ் கேட்டதால், என் கொழுந்தன் இருதயராஜைச் சேர்த்துவிட்டிருந்தேன். அவனுக்கு வெல்டிங் பட்டறை. கடையில் வாங்கியதைப் பார்த்து, "இது மணியாட்டுறதுக்குத்தான் ஆகும் மதினி" என்று சொல்லி, தானே ஒரு கம்பியை வளைத்துச் செய்துகொண்டு வந்தான். அதன் சத்தம் குடோனின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது.

அன்றைக்கு முப்பது பேர் இருக்கலாம். ஊரிலேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர்கள், சில டீச்சர்கள், ரிசார்ட்டில் தங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த பூண்டிக்காரர்கள் இரண்டு பேர். எல்லோரும் ஜோடி ஜோடியாக ஹாலைச் சுற்றி ஒரே திசையில் போனார்கள். நான் பட்டனை மட்டும் பார்த்து வாசித்தேன். மூன்றாவது பாட்டில் துருத்தி முழுதாக விரிந்துவிட்டது. அடுத்த சுரமும் இழுக்கிற சுரம். இழுக்க இடமில்லை. இடது கட்டைவிரலுக்குக் கீழே, நான் எண்ணாமல் விட்ட இடத்தில், காற்றை வெளியே விட ஒரு பட்டன் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. இருதயராஜ் கம்பியை அடித்துக்கொண்டே இருந்தான். டெனீஸ் வயலினில் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். முப்பது பேரும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

டெனீஸ் வில்லை ஓட்டிக்கொண்டே என் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, தப்பா வாசிங்க, ஓகே. நிறுத்தக் கூடாது. அவங்க கால் நடுவுல இருக்கு."

கால் நடுவில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிய இரண்டு பாட்டு ஆனது. ஒரு காலைத் தூக்கியிருக்கிறவர்களை அப்படியே அந்தரத்தில் விடக் கூடாது என்கிறாள். இந்தத் தொழிலில் எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரே சட்டம் அதுதான். அதை நான் நன்றாகவே பிடித்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே வாசித்த பாட்டு

ஒரு பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். டூ-ஸ்டெப் என்கிற ஆட்டத்துக்கானது, நல்ல வேகம். அதை வாசிக்கும்போது தானாகச் சிரிப்பு வரும். டெனீஸ் பிரெஞ்சில் தொண்டை கிழியப் பாடுவாள். மழைக்காலம் முழுக்க வாசித்த பிறகு ஒருநாள் கேட்டேன், என்னதான் பாடுகிறாய் என்று.

"பொண்டாட்டி பிள்ளைங்களை கூட்டிட்டுப் போயிட்டா அக்கா. அவன் வீட்டு வாசல்ல நிக்கிறான். சாகப் போறேன்னு சொல்றான்."

நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். "இத்தனை நாள் நான் பல்லைக் காட்டிட்டுல்ல வாசிச்சேன்!"

"அப்படித்தான் வாசிக்கணும்."

"அப்ப எதுக்கு இவ்வளவு வேகம்?"

"ஆடணுமே அக்கா."

எனக்கு விளங்கவில்லை. இருதயராஜ் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "இதுல என்ன இருக்கு மதினி? நம்ம எழவு வீட்டுல பறை அடிக்கிறப்ப எவனாச்சும் ஆடாம நிக்கிறானா?" அவனுக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும். அடுத்த வாரம் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். வேகம் இறங்கிவிட்டது. ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் சிரித்தேன். எது சரி என்று இன்றுவரை தெரியாது.

ஜெயபால் சாரும் லில்லி டீச்சரும்

எங்கள் ஹாலுக்கு முதல் வருடத்திலிருந்து ஒரு வாரம் தவறாமல் வந்தவர்கள் இவர்கள் இருவரும். ஜெயபால் சார் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லில்லி டீச்சர் பூகோளம் நடத்தியவர். இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. டீச்சர் நன்றாக ஆடுவார். சார் எண்ணி எண்ணிக் கால் வைப்பார். உதடு அசைவது மேடையிலிருந்தே தெரியும். ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. டீச்சர் அவர் தோளில் தட்டி, "எண்ணாதீங்க, இது என்ன மணியார்டரா?" என்பார்.

மூன்றாவது வருடம் டீச்சருக்கு மறதி வந்தது. முதலில் குடையை விட்டுவிட்டுப் போனார். பிறகு ஒரே கேள்வியை ஒரே மதியத்தில் நாலு தடவை கேட்டார். டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறார் என்று சார் சொன்னார். ஆனால் சனிக்கிழமை வந்தால் டீச்சர் தானே புடவை மாற்றிக்கொண்டு கதவருகில் நிற்பாராம். கால் எதையும் மறக்கவில்லை. பேர் மறந்துபோன பாட்டுக்கும் கால் சரியாக விழுந்தது.

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை. மதியமே மேகம் இறங்கியிருந்தது. ஹாலுக்குள் விளக்குப் போட்டிருந்தோம். மூன்று தட்டில் சுற்றி ஆடுகிற வால்ட்ஸ் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் இருவரும் என் எதிரே வந்தபோது டீச்சர் சட்டென்று நின்றார். சாரின் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க? கைய விடுங்க."

"லில்லி, நாந்தான்."

"கைய விடுங்கன்னு சொல்றேன்ல!"

சார் கையை விட்டார். டீச்சர் பின்னால் நகர்ந்து இன்னொரு ஜோடி மேல் மோதினார். அவருடைய கண்ணில் இருந்தது பயம். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்த வருடம் நான் பட்டனைப் பார்க்காமல் வாசிக்கப் பழகியிருந்தேன். நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

ஏன் நிறுத்தவில்லை? இதைப் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஹாலில் இருபது ஜோடி சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் எல்லோரும் திரும்பி டீச்சரைப் பார்ப்பார்கள், அவருக்கு இன்னும் கூச்சமாகிவிடும் என்றும் நினைத்தேன். அப்போது நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்பது உறுதியில்லை. டீச்சர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். ஆட்டக்காரர்களுக்கு இடையில் புகுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். சார் பின்னாலேயே ஓடினார். நான் அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே வந்தால் பத்தடி தூரத்தில் நிற்கிற ஜீப் தெரியவில்லை. சார் பாதையோரத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் இல்லை.

இருதயராஜ் பைக்கை எடுத்தான். டெனீஸ் டார்ச்சோடு கீழே கேரட் தோட்டத்துப் பக்கம் போனாள். நடனத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். நானும் கிளம்பினேன். சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ வராத பிலோமினா. நீ உள்ள போய் வாசி. கதவெல்லாம் தொறந்து வச்சுட்டு வாசி. சத்தம் கேட்டா வந்துருவா."

"சத்தத்துக்குத்தான சார் பயந்து ஓடுனாங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "வாசிம்மா" என்று சொல்லிவிட்டு மேகத்துக்குள் போய்விட்டார்.

காலியான ஹாலில் உட்கார்ந்து வாசித்தேன். நாற்காலிகள்மேல் பைகளும் ஸ்வெட்டர்களும் கிடந்தன. வால்ட்ஸ் வாசித்தால் அவர் பயப்படுவாரோ என்று டூ-ஸ்டெப்புக்கு மாற்றினேன். டூ-ஸ்டெப் இந்த நேரத்துக்கு அசிங்கமாக இருக்கிறதே என்று வால்ட்ஸுக்குத் திரும்பினேன். பிறகு மாதா பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் அதற்கு வேண்டிய ஒரு சுரம் கிடையாது. அந்த இடம் வந்தபோதெல்லாம் நானே வாயால் பாடி நிரப்பினேன். நான் செய்வது தேடுகிறவர்களுக்கு உதவியா, தொந்தரவா என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தேடவும் முடியவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும்.

டீச்சர் கிடைத்தது வேறு விதமாக. அவர் ஹாலிலிருந்து நேராக மேலே நடந்து, பூண்டி பஸ் நின்ற இடத்துக்குப் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கண்டக்டர் பஸ்ஸை எடுக்க விடாமல், பக்கத்து சீட்டு அம்மாவிடம் டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி நின்று, போகிற வருகிற வண்டியை எல்லாம் நிறுத்திக் கேட்டிருக்கிறார். இருதயராஜின் பைக்கையும் அப்படித்தான் நிறுத்தினார். ஆக, என் பாட்டைக் கேட்டு டீச்சர் வரவே இல்லை. அவர் இருந்த இடத்துக்கு அது எட்டவும் எட்டாது.

இருதயராஜ் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தபோது சார் இன்னும் வரவில்லை. போனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பத்து நிமிடம் கழித்து, வேட்டியெல்லாம் சேறாக, செருப்பு ஒன்று இல்லாமல் வந்தார். ஓடைப் பக்கம் இறங்கியவருக்குத் திரும்பும் வழி தெரியாமல் போயிருக்கிறது.

நான் அவரிடம் போய், "சார், நான் அப்பவே நிறுத்தியிருக்கணும். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"எதை?"

"பாட்டை. அவங்க பயந்தப்பவே."

"அவளுக்குக் கேக்கலம்மா. எனக்குக் கேட்டுச்சு. அத வச்சுத்தான் மேல ஏறி வந்தேன்" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, உன்மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. டீச்சரிடம் போய் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அன்று டெனீஸிடம் சண்டை போட்டேன். நிறுத்தக் கூடாது என்று ஏன் சொன்னாய், எப்போது நிறுத்தலாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் வயலினைத் துணியில் சுற்றிக்கொண்டே அழுதாள். "எனக்கும் தெரியாது அக்கா. எனக்கு யாரும் சொல்லல" என்றாள்.

ஒரு வால்ட்ஸ்

இனி அவர்கள் வர மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மூன்றே காலுக்குக் கதவு திறந்தது. டீச்சர் நீலப் புடவையில் முன்னால் வந்தார். சார் நாலடி பின்னால், யாரோ வேற்றாள்போல வந்தார். டீச்சர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தாளம் போட்டார். சார் எதிர்ச் சுவரோரம் போய் நின்றார்.

நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் போனேன். "என்ன சார், இங்க நிக்கிறீங்க?"

"பக்கத்துல போனா சில நாள் பயப்படுறா. சில நாள் ஒண்ணுமில்ல. இன்னைக்கு எப்படின்னு தெரியல." பிறகு சொன்னார், "வால்ட்ஸ் ஒண்ணு எடு பிலோமினா. மெதுவா."

நான் டெனீஸைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள். பாட்டின் முன்னிசையை வாசிக்கத் தொடங்கினேன்.

சார் ஹாலைச் சுற்றி வந்து டீச்சருக்கு முன்னால், கை நீட்டினாலும் தொட முடியாத தூரத்தில் நின்றார். தலைமுடியைத் தடவிக்கொண்டார். அந்த ஜன்னல் என் இருக்கைக்குப் பக்கம்தான். பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வணக்கங்க. என் பேரு ஜெயபால். போஸ்ட் ஆபீஸ்ல இருந்தேன். ஒரு பாட்டுக்கு ஆடலாமா?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு டீச்சர், பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்.

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க சார். எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு."

என் விரல் தவறான பட்டனில் விழுந்தது. டிரையாங்கிள் ஒரு அடி தவறியது. இருதயராஜ் தவறி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

சார் அசையவில்லை. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. பாதி முகம்தான் எனக்குத் தெரிந்தது.

"சரிங்க டீச்சர். அவரு வர்ற வரைக்கும் ஆடலாமா?"

டீச்சர் கதவைப் பார்த்தார். யோசித்தார்.

"அவரு வர்ற வரைக்கும்னா சரி."

ஆடினார்கள். சார் கை படுமோ படாதோ என்று பிடித்திருந்தார். உதடு அசைந்தது. ஒன்று இரண்டு மூன்று. ஹாலைச் சுற்றி என் எதிரே வரும்போதெல்லாம் டீச்சர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பாட்டை எத்தனை சுற்று கொண்டுபோவது என்று முடிவு செய்வது அக்கார்டியன்காரரின் சோலி. சாதாரணமாக ஐந்தாறு சுற்று. ஆறு முடிந்தது. முடித்தால் டீச்சர் நாற்காலிக்குத் திரும்பி வீட்டுக்காரருக்காகக் காத்திருப்பார். முடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் கால் வலிக்கும். டெனீஸ் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாடுவதற்கு வரி தீர்ந்துபோய் அவள் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிச் சுவரோரம் நின்றார்கள்.

பதினொன்றாவது சுற்றோ பன்னிரண்டோ, சார் என் எதிரே வந்தபோது, டீச்சரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலை மெல்ல ஆட்டினார். போதும் என்று. ஏன் அந்தச் சுற்றில், ஏன் அதற்கு முந்தியதில் இல்லை என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுற்றை முடித்து, துருத்தியை மூடி, காற்றை விட்டேன்.

டீச்சர் மூச்சு வாங்கச் சிரித்தார். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா ஆடுறீங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு வராது."

ஜெயபால் சார் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. டீச்சரும் சேர்ந்து சிரித்தார். இருதயராஜ் சிரித்தான். டெனீஸுக்கு முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை, அவளும் சிரித்தாள். எனக்கு மட்டும் கண் கலங்கி எதிரில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியவில்லை. அது சந்தோஷமான விஷயமா இல்லையா என்று அன்றைக்கும் புரியவில்லை, இதை எழுதும்போதும் புரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் போல அவர்கள் வந்தார்கள். சில வாரம் டீச்சருக்கு அவர் கணவர். சில வாரம் போஸ்ட் ஆபீஸ்காரர். சில வாரம் ஆடவே இல்லை. சார் அந்த விரலைக் காட்டும்போது நிறுத்துவேன். காட்டாதவரை வாசிப்பேன்.

இந்தப் பெட்டியை வாசிக்க இப்போது புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த இடத்தில் தள்ளுவது, எந்த இடத்தில் இழுப்பது என்பதுதான். அது ஆறு மாதத்தில் வந்துவிடும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பட்டனிலிருந்து தலையைத் தூக்கி, ஆடுகிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குப் புரியாது. எனக்குப் பதினோரு வருடமாகப் புரியவில்லை. புரிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் கை காட்டும்போது அதைக் கவனிக்கிற ஆள் அந்த ஹாலில் நீங்கள் ஒருவர்தான்.